பதினோரு பெயிண்ட் பொட்டுகள்

சாக்கில் சுற்றி, வாயைச் சணலால் தைத்து, மேலே ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்த அந்தப் பொட்டலத்தை லாரி பார்சல் ஆபீஸிலிருந்து மொபெட்டில் வைத்து, திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருந்த என் பட்டறைக்குக் கொண்டுவந்தது என் முழங்காலுக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு வயதுக் குழந்தையின் கனம் இருக்கும். வேகத்தடை வரும்போதெல்லாம் குதித்து வந்து முழங்காலில் இடித்தது. நடுவழியில் டீ குடிக்க நிறுத்தியவன், அதை வண்டியில் விட்டுப்போக மனம் வராமல் மடியில் தூக்கி வைத்துக்கொண்டே குடித்தேன்.

"ஏனுங்க மேஸ்திரி, கோயில் செலைங்களா?" என்றார் டீக்கடைக்காரர்.

"செலையாட்டத்தானுங்க. ஆறு மாசம் காத்துக் கெடந்து வந்திருக்குது" என்றேன்.

உள்ளே இருந்தது ஒரு புல்லர். காரின் பின்சக்கரம் பூட்டியிருக்கும் ஹப்பை அச்சிலிருந்து இழுத்துக் கழற்றுகிற கருவி. சாதாரண புல்லர் என் பட்டறையிலேயே மூன்று கிடந்தது. இது அப்படியில்லை. ஒரே ஒரு வகைக் காருக்கென்று செய்தது. அந்தக் காரைச் செய்த கம்பெனியையே மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. காரே இல்லை என்றான பிறகு அதன் கருவியை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

என் பட்டறைக்கு இரண்டு பக்கமும் பனியன் கம்பெனிகள். ஆட்களை ஏற்றி இறக்கும் வேன்கள்தான் எனக்குச் சோறு போட்டன. நான் கணியூர்ப் பக்கத்துக்காரன். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு திருப்பூருக்கு வந்தேன். ஸ்பேனரை அதன் வாயைப் பார்த்து எடுப்பேனே தவிர, அதில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து எடுத்ததில்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். நான் அங்கே இங்கே போனால், "தாத்தா, காருக்கு வாங்க" என்கிறாள். காருக்கு வருகிறேன்.

பக்கத்துக் கம்பெனியில் ஒரு பெண் மெர்ச்சண்டைசராக இருந்தார். வெளிநாட்டுக்காரர்களோடு மெயிலில் பேசி ஆர்டரை நடத்துகிற வேலை. அங்கே ஒருவன் காலர் அரை இஞ்ச் இறங்கட்டும் என்று எழுதினால், இங்கே டைலரிடம் இவர் சண்டை போட வேண்டும். ஊர் திருநெல்வேலிப் பக்கம். முப்பது வயது இருக்கும், ஹாஸ்டலில் தனியாக இருந்தார். கம்பெனியே அவரை மேடம் என்றது. நான் அம்மணி என்பேன். அவர் என்னை அண்ணாச்சி என்பார். எங்கள் ஊரில் மளிகைக் கடைக்காரரைத்தான் அண்ணாச்சி என்போம். முதல் நாள் அப்படிக் கூப்பிட்டபோது, பருப்பு வாங்க வந்தாரோ என்று பார்த்தேன்.

அவருடைய அப்பா ஓட்டிய காரை ஊரிலிருந்து லாரியில் ஏற்றி வரவழைத்திருந்தார். க்ரீம் கலர், சின்னக் கார். பானட் என்று தனியாகக் கிடையாது. முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்னால் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இஞ்சின் வேலை பார்க்கலாம். முதுகு வலிக்காது. எங்களை நினைத்துப் பார்த்துச் செய்த கார் அது ஒன்றுதான்.

அதன் பின்சக்கரத்தில் பேரிங் போய், ஓட்டினால் ஊளையிட்டது. பேரிங்கை மாற்ற ஹப்பைக் கழற்ற வேண்டும். அது கூம்பு மாதிரி இருக்கும் அச்சு முனையில் இறுகி ஒட்டிக் கிடந்தது. சுத்தியலால் அடித்தால் அச்சு வளைந்துவிடும். எங்கும் இன்னொன்று கிடைக்காது. நான் கையைத் துடைத்துக்கொண்டு, "அம்மணி, இதை ஒடைக்கறதுன்னா இப்பவே ஒடைச்சுத் தர்றனுங்க. கழட்டறதுன்னா என்னால ஆகாதுங்க" என்றேன்.

அப்போதுதான் அவர் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். அதே வகைக் கார் வைத்திருப்பவர்கள், பல ஊர்க்காரர்கள், கம்ப்யூட்டரில் ஒன்றுகூடிப் பேசிக்கொள்கிறார்களாம். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. அவர்களிடம் ஒரே ஒரு புல்லர் இருந்தது. பெங்களூரில் இருக்கும் ரிட்டயர்ட் மேஜர் ஒருவருடையது. கேட்டவருக்குக் கேட்ட வரிசையில் அனுப்புவார்கள். உபயோகித்தவர் மேஜருக்குத் திருப்பி அனுப்பக்கூடாது. அடுத்து யார் கேட்டிருக்கிறாரோ அவருக்கு அனுப்ப வேண்டும். அது ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் தொழிலில் பெண்டாட்டியின் நகையைக்கூடக் கொடுப்பான், ஸ்பேனரைக் கொடுக்க மாட்டான். "மொகம் தெரியாத ஆளுக்கு எவனுங்க அனுப்புவான்?" என்றேன்.

"அனுப்புவாவ அண்ணாச்சி. ஆபீஸ்ல மெயிலத் தொறந்தா எல்லாவனும், ஏன் லேட்டு, எப்ப முடியும்னுதான் கேக்கான். இங்க மட்டுந்தான், கார் எப்படி இருக்கு, நீ எப்படி இருக்கன்னு கேக்காவ" என்றார்.

அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் பெண். பட்டறைக்காரர் கருவியை உடைத்துவிடுவார் என்று ஒன்றிரண்டு பேர் தயங்கினார்களாம். மேஜர்தான், அந்தப் பெண் பொறுப்பு என்றால் எனக்குப் போதும் என்று எழுதியிருக்கிறார். அதை அவர் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

புல்லர் வந்த வாரம் அவருக்கு ஷிப்மெண்ட், சரக்கைக் கப்பலுக்கு அனுப்புகிற வேலை. பட்டறைப் பக்கமே வரவில்லை. நான்தான் சாக்கைப் பிரித்தேன். நல்ல உருக்கு, நல்ல வேலைப்பாடு. ஆனால் மேலெல்லாம் பெயிண்ட். இங்கே ஒரு நீலம், அங்கே ஒரு சிவப்பு, ஓரத்தில் பச்சை. காசு இருந்து என்ன, ஒரு சாமானைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

கருவியைப் பூட்டி, நடுத்திருகை இறுக்கி, அதன் தலையில் சம்மட்டியால் அடித்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கி இன்னொரு அடி. மூன்றாவது அடியில் வெடி போட்டது போல ஒரு சத்தம். பக்கத்துக் கம்பெனியில் தையல் மெஷின்கள் நின்று, ஜன்னல் முழுக்கத் தலைகள் தெரிந்தன. ஹப் கழன்று என் கைக்கு வந்திருந்தது. அச்சில் ஒரு கீறல் இல்லை. அந்த வயதில், தனியாக, பட்டறைக்குள் ஒரு சுற்று ஆடினேன். ஜன்னலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

பேரிங் மாற்றிச் சக்கரத்தைப் பூட்டியாயிற்று. எங்கள் பக்கம் ஒரு வழக்கம். இரவல் வாங்கிய சாமானை வந்ததைவிடச் சுத்தமாகத் திருப்பித் தர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை கேட்கவே முடியாது. முகம் தெரியாத ஒருவருக்கு முகம் தெரியாத மேஜர் கொடுத்தது. சும்மா துடைத்து அனுப்பினால் போதுமா? பக்கத்துச் சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா டிரம்மில் எப்போதும் கலந்திருக்கும். கெட்டியாய்ப் பிடித்த கிரீஸையும் அதில் போட்டுத்தான் எடுப்போம். புல்லரைக் கம்பியில் கட்டி ஒரு பகல் முழுக்க அதில் தொங்கவிட்டேன். பிறகு கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, வெள்ளைப் பனியன் துணியில் சுற்றி வைத்தேன். வெள்ளிப் பாத்திரம் தோற்றது.

மறுநாள் மெர்ச்சண்டைசர் வந்தார். ஒரு கையில் சின்ன பெயிண்ட் டப்பா, இன்னொரு கையில் பிரஷ். முகமெல்லாம் சிரிப்பு. "எங்க அண்ணாச்சி அது?" என்றார். நான் துணியை விலக்கி, பெண்ணைக் காட்டுகிற மாதிரி காட்டினேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. "இதுல இருந்த கலரெல்லாம் எங்க?"

"அழுக்குங்களா? பூராத்தையும் எடுத்துப்போட்டனுங்க அம்மணி. ஒரு பொட்டு இல்லாமப் பண்ணிட்டேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாகச் சொன்னார். அந்தப் புல்லரால் எந்தக் கார் சரியாகிறதோ, அந்தக் காரின் நிறத்தில் ஒரு பொட்டு அதன்மேல் வைப்பது அவர்கள் வழக்கம். பதினோரு கார், பதினோரு பொட்டு. அவருடைய க்ரீம் பன்னிரண்டாவது. "நான்தான் ஒங்கட்ட சொல்லாம விட்டுட்டேன். ஷிப்மெண்ட்டுல மறந்தே போச்சு" என்றார்.

துணியை மறுபடி அதன்மேல் இழுத்து மூடினேன். ஆனால் மூளை திருப்பூர் மூளை. "ஏனுங்க அம்மணி, உங்ககிட்ட இதோட பழைய போட்டோ இருக்குமல்லங்க? உங்க கம்பெனி லேப்ல, துணியில ஒரு நூலைக் காட்டுனாப் போதும், அதே கலரை எடுத்துத் தர்றானுங்க. பார்த்துப் பார்த்து வெச்சுப்போட்டா வெள்ளைக்காரனே கண்டுபிடிக்க மாட்டான். இவுங்க எங்க கண்டுபிடிக்கறது?"

அவர் டப்பாவையும் புல்லரையும் மாறி மாறிப் பார்த்தார். செய்துவிடலாமா என்று அவருக்கும் தோன்றியது எனக்குத் தெரிந்தது. பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "கலரு சேந்துரும் அண்ணாச்சி. வச்ச கை சேராதுல்லா" என்றார்.

நடந்ததைக் கூட்டத்துக்கு எழுத, பஸ் ஸ்டாப் அருகில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு என்னையும் கூட்டிப் போனார். ஒரு சின்னத் தடுப்புக்குள் இரண்டு பேரும் ஒடுங்கி உட்கார்ந்தோம். நான் செய்தது என்று எழுதுங்கள் என்றேன். எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். நாங்கள் தெரியாமல் அழித்துவிட்டோம் என்று இருந்தது. "நாங்களா?" என்றேன். "பேசாம இரிங்க" என்றார்.

மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் மேஜர் இரண்டே வரி எழுதினார். கருவியை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அங்கேயே இருக்கட்டும். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த அம்மணி அந்தக் கூட்டத்தின் பக்கத்தைத் திறப்பதையே விட்டுவிட்டார். வரிசையில் இனி இடம் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். கார் ரெடியாகிப் பட்டறை வாசலில் நின்றது. எடுக்க வரவில்லை. கேட்டால், "நிக்கட்டும் அண்ணாச்சி" என்பார். ஒரு கார் ஓடாமல் நிற்பது எனக்குப் பழகியது. நன்றாக ஓடுகிற கார் நிற்பதைத்தான் பார்க்க முடியவில்லை. தினமும் தூசி துடைத்தேன். துடைத்துத் துடைத்துத்தானே இவ்வளவும் வந்தது என்று துணியைக் கீழே போடுவேன். மறுநாள் மறுபடி துடைப்பேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஒரு சத்தம் கேட்டது. வேன் இல்லை, லாரி இல்லை. அந்தச் சத்தத்தை ஆறு மாதமாக ஒரே ஒரு காரில்தான் கேட்டிருக்கிறேன். நிமிர்ந்தால் ஒரு நீலக் கார் திரும்புகிறது. அதன் பின்னால் சிவப்பு. அதன் பின்னால் பச்சை. எட்டுக் கார். அந்த ரோட்டில் நிறுத்த இடம் இல்லாமல் பனியன் கம்பெனி வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு ஓடினார்.

நீலக் காரிலிருந்து உயரமாக ஒருவர் இறங்கினார். வெள்ளை மீசை. மேஜர்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. "குற்றவாளி யாரு?" என்றார்.

"நானுங்க சாமி" என்றேன்.

"ஹப் எத்தனை அடியில வந்தது?"

"மூணுங்க."

"சூடு காட்டினீங்களா?"

"இல்லீங்க. வெறும் சம்மட்டிதானுங்க."

அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "எனக்கு இரண்டு நாள் ஆச்சுய்யா!" என்றார். சிரிப்பு கிளம்பியது பாருங்கள், வாட்ச்மேன்கூட விசிலை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

நான் போன் பூத்துக்கு ஓடி ஹாஸ்டலுக்குப் பேசினேன். மெர்ச்சண்டைசர் ஆட்டோவில் வந்து இறங்கினார். எண்ணெய் வைத்த தலை, கால் மாற்றிப் போட்ட செருப்பு. எட்டுக் காரையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். மேஜர், "கருவியை அங்கேயே வைன்னா, நாங்க வர்றோம்னு அர்த்தம். பட்டாளத்துல இதுக்குமேல எழுத மாட்டோம்" என்றார்.

"இன்னொரு வரி எழுதியிருந்தா நான் ரெண்டு வாரம் சாப்பிட்டிருப்பேன் சார்" என்றார் இவர். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

வர முடியாத மூன்று பேர் பெயிண்டை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்று நெயில் பாலிஷ் புட்டியில் வந்திருந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து, தங்கள் பொட்டை வைத்தார்கள். பழைய இடம் எது என்று இரண்டு பேருக்குள் சண்டைகூட வந்தது. கடைசியில் மெர்ச்சண்டைசர் தன் க்ரீமை வைத்தார்.

பிரஷைக் கழுவப் போகும்போது மேஜர் என்னைக் கூப்பிட்டார். "உங்க பொட்டு எங்க?"

"எனக்குக் காரே இல்லீங்களே சாமி."

"இத்தனை பேர்ல மூணு அடியில கழட்டினது யாரு? வைங்க."

பிரஷ் பிடித்து எனக்குப் பழக்கமில்லை. க்ரீம் டப்பாவில் கட்டைவிரலைத் தொட்டு, நடுத்திருகின் பக்கத்தில் வைத்து அழுத்தினேன். பாங்கில், பத்திர ஆபீஸில், ரேஷன் கடையில் எத்தனையோ தடவை விரல் வைத்திருக்கிறேன். அங்கெல்லாம் யாராவது என் கையைப் பிடித்து அழுத்துவார்கள். எதன்மேல் வைக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

இப்போது எந்தக் கருவி வேண்டுமானாலும் போனில் தட்டினால் வீட்டுக்கு வந்துவிடுகிறதாம். அந்தக் காருக்கானது மட்டும் இன்னும் வருவதில்லை. அதனால் அந்தப் புல்லர் இன்னும் ஊர் ஊராகப் போகிறது. மெர்ச்சண்டைசர் வேறு ஊருக்கு, அதே காரில்தான், மாறிப் போய்விட்டார். போன தீபாவளிக்குப் படம் அனுப்பியிருந்தார். இடமே இல்லாமல் பொட்டுகள். பேத்தி பெரிதாக்கிக் காட்டினாள். என் ரேகை தெரிகிறது.

பொட்டு வைத்த அன்றைக்கு, வரிசையில் அடுத்துச் சேலத்தில் ஒருவர் காத்திருந்தார். ஆனால் ஈரத்தோடு சாக்கில் சுற்ற முடியாது. மேஜர் வேப்பமர நிழலில் ஒரு டயரை உருட்டிப் போட்டு உட்கார்ந்து, "காயட்டும்" என்றார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. மெர்ச்சண்டைசர் என் விரலைப் பார்த்துவிட்டு, பெயிண்டைத் துடைக்க ஒரு பனியன் துணியை எடுத்து நீட்டினார்.

"இருக்கட்டுமுங்க அம்மணி" என்றேன்.