இருபது எழுத்துக்குள் ஓர் ஊர்

போர் முடிந்து சில வருடங்களில் புத்தளத்தில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்த ஆள் நான். அதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமில்லை.

கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இருந்தது பழைய மெயின்பிரேம் கணினி. எங்கள் பட்டியல்களில் ஒரு விவரத்தையும் அடுத்ததையும் கமா பிரிக்கும். அந்தக் கணினிக்குக் கமா விளங்காது. பெயருக்கு நாற்பது எழுத்து, ஊருக்கு இருபது எழுத்து என்று இடத்தை எண்ணித்தான் வாசிக்கும். குறைந்தால் வெற்றிடம் நிரப்ப வேண்டும். கூடினால் வெட்ட வேண்டும். அதுதான் என் வேலை.

ஒரு நாள் காலை காணிப் பட்டியல் பிழையென்று கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஆலங்குடாவில் குடியிருக்கும் எங்கள் ஆட்களின் பட்டியல். எந்த ஊர் பதிகிறதோ அங்கேதான் காணி கிடைக்கும். திறந்து பார்த்தேன். ஊர் கேட்டால் எங்கள் ஆட்கள் இரண்டு சொல்வார்கள், விட்டு வந்தது முதலில், இருப்பது பிறகு. வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பிய நான், நடுவில் கமா போட்டு இரண்டையும் எழுதியிருந்தேன். இரண்டாவது ஊர் நழுவி, பிள்ளைகளின் எண்ணிக்கை வரும் இடத்தில் கிடந்தது.

"ஒண்டை வெட்டுங்க மிஸ், மூன்று மணிக்குள்ள போகணும்," என்றார் மேலதிகாரி.

உம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"ரெண்டு ஊர் கொள்ளாதாமா அந்த மெசினுக்கு? பள்ளிக்கூடம் போகாத என்ட தலையிலயே ரெண்டும் கிடக்குது."

"எதை வைக்க, உம்மா? கெதியாச் சொல்லுங்க."

சட்டி கழுவும் சத்தம் கேட்டது. "இங்கினயே போடு. அங்க காடாக் கிடக்கிற காணியில போய் இனி ஆர் பத்தை வெட்டுறது."

மற்ற வீடுகளுக்கு நான் போன் எடுக்கவில்லை. நேரம் இருந்தது. முதல் ஊரை விட்டு இரண்டாவதை எடு என்று கணினிக்கு ஒரே வரி எழுதினேன். எல்லா வரிகளும் ஒரே நீளத்தில் நின்றன. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாணும் பருப்பும் சாப்பிட்டேன்.

பின்னேரம் பஸ்ஸால் இறங்கும்போது பக்கத்து வீட்டு மாமி மீன் வாங்கிக்கொண்டு நின்றார். மன்னாருக்கே திரும்பிப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"லிஸ்ட் போயிட்டா புள்ள? ரெண்டு ஊரையும் போட்ட தானே?"

"ஓம் மாமி."

"படிச்ச புள்ளையெண்டா படிச்ச புள்ளதான்," என்று இரண்டு கீளி மீனை என் பைக்குள் போட்டார். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் செதில் சுரண்டி, உப்புப் போட்டு வைத்தேன்.