வாய்க்கால் ஓரத்து அறை

தமிழ்வேந்தனுக்குக் கோபம் வந்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதற்கு அவன் கொடுத்த விலை ரொம்ப ஜாஸ்தி.

ஆம்பூர் பக்கம் எங்கள் கம்பெனி. ஒரே காம்பவுண்டுக்குள் தோல் பதனிடும் டேனரி, ஷூ யூனிட், ஆபீஸ் மூன்றும். நான் ஸ்டோர்ஸில் இருந்தேன், அவன் கம்ப்யூட்டர் செக்‌ஷனில். அவன் அப்பா சின்னசாமி அதே டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டியவர். மகனைத் திருச்சிக்கு அனுப்பி இன்ஜினியரிங் படிக்க வைத்தார். அங்கே ஹாஸ்டலில் இவன் துணிமணியை மோந்து பார்த்துவிட்டு ஒருத்தன் அறையையே மாற்றிக்கொண்டு போனானாம். அதிலிருந்து நாற்றம் என்று யாராவது பேச்செடுத்தாலே இவன் முகம் சுருங்கிவிடும்.

2004-ல் காம்பவுண்டு முழுக்கப் புது நெட்வொர்க் போடும் வேலை அவனிடம் வந்தது. கம்ப்யூட்டரும் போனும் ஒரே கேபிளில் ஓட வேண்டும். ஒழுங்காக முடித்தால் சிஸ்டம்ஸ் மேனேஜர் பதவி என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். சின்னசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

தமிழ்வேந்தன் நெட்வொர்க்கை மூன்று அடுக்காக வரைந்தான். ஆபீஸில் எல்லா லைனையும் பிரித்து அனுப்பும் தலைமைச் சுவிட்ச். ஒவ்வொரு யூனிட்டுக்கும் நடுவில் ஒரு சுவிட்ச் பெட்டி, அதற்கு ஆபீஸிலிருந்து ஃபைபர் கேபிள். பெட்டியிலிருந்து ஷெட்டுக்கு ஒரு சின்னச் சுவிட்ச், அங்கிருந்து மேஜை மேஜையாகக் கேபிள்.

"ஃபைல் கொஞ்சம் லேட்டா வந்தா யாருக்கும் தெரியாதுண்ணே. போன் பேச்சு அப்டியில்ல, நடுவுல வுட்டுப்போய்டும். அதான் பேச்சுக்கு முதல் வழி வுட்டுருக்கேன்" என்று எனக்கு விளக்கினான். நல்ல மூளைக்காரன். எங்கே கேட்டாலும் சொல்வேன்.

டேனரிப் பெட்டிக்கு அவன் பார்த்த அறை சுண்ணாம்புத் தொட்டியின் கழிவு வாய்க்காலை ஒட்டி இருந்தது. எல்லா ஷெட்டுக்கும் அதுதான் நடு. சுவிட்செல்லாம் சப்ளை செய்த சென்னை இன்ஜினியர் ஜோவின் என்பவர் அறை வாசலிலேயே கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இந்த ரூம் வேணாம் சார். பயங்கர ஸ்மெல்."

"இன்னா ஸ்மெல்? எனக்கு ஒன்னும் வர்லியே!" தமிழ்வேந்தன் கத்தினான். "இங்க மனுஷங்க வேலை செய்றாங்க சார். உங்க பெட்டிக்கு மட்டும் தனியா மூக்கு இருக்குதா?"

தோளைக் குலுக்கிவிட்டு ஜோவின் போய்விட்டார். அந்த வாடை பெட்டிக்குள் இருக்கும் செம்பை அரிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவன் கேட்டிருப்பான். அந்த மனுஷன் மூக்கை மூடினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் சத்தியமாக ஒரு வாடையும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து இந்தக் காற்றைத்தானே இழுக்கிறோம்.

பழைய இன்டர்காமைக் கழற்றியாயிற்று. மழைக்காலம் வந்ததும் டேனரி போன்களில் பேச்சு விட்டு விட்டுக் கேட்டது. தமிழ்வேந்தன் சாப்பாட்டையும் மறந்து செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்த்தான். வரைபடத்தில் தப்பே இல்லை. ஒருநாள் டேனரியில் நின்றபடி டைரக்டர் இத்தாலிக்கார வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தபோது லைன் செத்தது. செத்தது செத்ததுதான்.

ஜோவின் வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே செம்பெல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தது.

"அழுகின முட்டை வாடை வருது பாருங்க, அந்த கேஸ்தான் சார் அரிச்சிருக்கு. நான் அப்பவே சொன்னேன்."

டைரக்டர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "தொட்டிக்காரன் புள்ளைகிட்ட குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். இவங்களுக்கெல்லாம் ஏதுப்பா மூக்கு?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். வெள்ளைக்காரன் போடுகிற ஷூவுக்காக அந்த மூக்குகளைச் சாகடித்தது யார் என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

பெட்டியை வேறு ஷெட்டுக்கு மாற்றினார்கள். மற்றபடி தமிழ்வேந்தன் வரைந்தது வரைந்தபடியே ஓடியது. மேனேஜர் நாற்காலியில் ஜோவின் வந்து உட்கார்ந்தார். இவன் அவருக்குக் கீழே போன் ரிப்பேர் பார்த்தான். சின்னசாமி தெருவில் தலைகாட்டுவதையே குறைத்துக்கொண்டார்.

"பெங்களூர்ல உன் படிப்புக்கு வேலை கொட்டிக் கெடக்குதுடா. போய்த் தொலையேன்" என்று ஒருநாள் திட்டினேன்.

அவன் கையிலிருந்த ரிசீவரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எப்டிண்ணே போறது? என் மேல நாறுதா இல்லியான்னு எனக்கே தெரியாதே."