அவன் கண் முன்னால் அழித்த மெசேஜ்கள்

நான் சிட்னியின் பரமட்டாவில் தனியாக எஸ்கார்ட் தொழில், அதாவது பாலியல் தொழில், செய்கிறவள். இங்கே அது சட்டப்படியான வேலை. முகத்தைச் சுளிக்காமல் வாசியுங்கள்.

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. வந்தவர் போனதும் அவருடைய மெசேஜ்களை அழித்துவிடுவேன். அவருக்கும் குடும்பம் இருக்கும்.

ஒருநாள் ஒரு ஆள் வந்தான், நம்மவன், தமிழன். நான் அனுப்பிய லிங்க்கில் கார்ட் மூலம் முன்பே பணம் கட்டியிருந்தான். போகும்போது சப்பாத்தை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"மெசேஜ் எல்லாம் அழிச்சுப்போட்டீங்களோ? மனுசி கண்டாவெண்டால் என்னைக் கொன்றுபோடுவா."

"பயப்படாதேங்கோ. இஞ்ச பாருங்கோ" என்று அவன் கண் முன்னாலேயே அழித்துக் காட்டினேன். பாவம், பயந்த மனுசன் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பணத்தை வங்கி திருப்பி எடுத்தது. யாரோ தன் கார்டைத் திருடிப் பாவித்ததாக அவன் புகார் கொடுத்திருந்தான். வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணம் அது. அவன் வந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். ஒன்றும் இல்லை. அவன் பயத்தில் கேட்கவில்லை, ஆதாரம் அழிந்ததா என்று சரிபார்த்திருக்கிறான்.

வாடகையைக் கடன் வாங்கிக் கட்டினேன். அது போகட்டும். போன கிழமை ஒருவர் வந்தார், மரியாதையான மனுசன். அவரும் அதையே கேட்டார்.

"ஓம், அழிச்சிட்டன்" என்றேன்.

அழிக்கவில்லை. நல்லவனிடமும் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டானே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.