மாமியார் சொன்ன ஊர்ப் பெயர்

மெழுகு சொட்டி விறைத்துப்போன தலைப்பாகை ஒன்று எங்கள் தட்டி வீட்டு மூங்கிலில் தொங்கிக்கொண்டிருந்தது. என் மாமனாருடையது. அதன்மேல் களிமண்ணை அப்பி, மெழுகுவத்தியைச் செருகிக்கொண்டுதான் அவர் சுரங்கத்துக்குள் வேலை செய்வார். "எங்க குடியிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், என் மாமியார் வாயைத் திறக்காமல் அந்தத் தலைப்பாகையைக் காட்டுவார். கேட்டவர்கள் விழிப்பார்கள். நாங்கள் குடியிருந்த இடத்துக்கே மாமனாரின் பெயர்தான். புருஷன் பெயரை எந்தப் பெண்பிள்ளை சொல்வாள்?

தங்கவயலில் அந்த நாளில் ஊர் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஷாப்ட் என்கிற சுரங்கக் குழி தோண்டிய இடத்தைச் சுற்றிக் குடிசைகள் வரும். பின்னாலேயே ஒரு பெயரும் வரும். வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள் சிலர் சொந்த ஊர்ப் பெயரையே சட்டி பானையோடு தூக்கிவந்து வைத்தார்கள். சில இடங்களுக்குக் கிணற்றை வைத்துப் பெயர், சில இடங்களுக்கு ஆள் கூட்டிவந்த மேஸ்திரியை வைத்துப் பெயர். எங்கள் மேட்டுக்கு, ஆடு மேய்க்க வந்த தெலுங்குக்காரர்கள் முன்பு வேறு ஏதோ பெயர் சொல்வார்களாம். மாமனார் முள்ளை வெட்டி முதல் தட்டியை நிறுத்தி, தம்பிகளையும் பங்காளிகளையும் வரவழைத்த பிறகு, அது போய் இவர் பெயர் நின்றுவிட்டது. மற்றபடி அவர் சேர்த்துவைத்தது ஒன்றுமில்லை. காய்ச்சல் கண்டு அவர் போனபோது அந்தத் தலைப்பாகையும் அந்தப் பெயரும்தான் மிச்சம்.

மறு வருஷம் கம்பெனி ஆள் ஒருவர், சங்கிலியும் கொடிக்கம்பும் தூக்கிய கூலிகளோடு வந்தார். குடியிருப்புகளையெல்லாம் வரைபடத்தில் ஏற்றுகிறார்களாம். ஆண்கள் அத்தனை பேரும் ஷிப்டில், பூமிக்கு அடியில். பிள்ளைகள் புதிதாக வந்த ரயிலைப் பார்க்க மாரிகுப்பம் ஓடியிருந்தார்கள். பெண்கள் நாங்கள் மட்டும் நின்றோம்.

"இந்த எடத்துக்கு இன்னா பேரும்மா?"

மாமியாருக்கு அவர் புருஷன், எனக்கு மாமனார், மற்றவர்களுக்குப் புருஷனின் அண்ணன். ஊரே ஒரு குடும்பம் என்பதால் ஒருத்திக்கும் அந்தப் பெயரைச் சொல்லும் பாத்தியதை இல்லை. எழுதிக் காட்டவும் எங்களில் ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது.

"அவுங்க பேருதாங்க," என்றார் மாமியார்.

"எவுங்க பேரு?"

மாமியார் தலைப்பாகையைக் காட்டினார். வந்தவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பைத்தியக்காரக் கூட்டம் என்று நினைத்திருப்பார்.

"பேரு இல்லன்னா நம்பரு போட்டுட்டுப் போறேன். ஆபீஸ்ல இன்னிக்கே கேக்கறாங்க. அப்புறம் மாத்த முடியாது."

"பசங்க வந்துடுவாங்க. செத்த குந்துங்க," என்று மாமியார் கெஞ்சினார். கம்பெனி ஆள் பென்சிலை எடுத்துவிட்டார்.

மாமியார் உள்ளே போய்த் தலைப்பாகையை எடுத்துவந்து, மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். முழுசாக, உரக்க. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். எழுத ஆரம்பித்தவர், "இன்னொரு வாட்டி சொல்லும்மா," என்றார். அந்த மனுஷனை எனக்கு அடிக்கலாம்போல இருந்தது. மாமியார் இன்னொரு முறையும் சொன்னார்.

சாயங்காலம் அடுப்பு மூட்டும்போது, நான் கேட்காமலே அவர் பேசினார். "சொன்னா அவுங்க ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லிச்சி. நானும் சொல்லாமத்தான் இருந்தேன். இருந்துட்டாங்களா? இனிமே கொறையறதுக்கு இன்னா இருக்குது." எனக்கு அழுகை வந்தது. அவர் ஊதாங்குழலை எடுத்து அடுப்பை ஊதினார்.

இப்போது மாமியாரும் இல்லை. மேட்டில் பலகை நட்டிருக்கிறார்கள். பால்காரனும் தபால்காரரும் அந்தப் பெயரைச் சர்வசாதாரணமாகக் கூவுகிறார்கள். என் மூத்த மகனுக்கும் அதே பெயர். நான் அவனை நைனா என்றுதான் கூப்பிடுகிறேன். அவன் பள்ளிக்கூடம் போனபோது கூட உட்கார்ந்து எழுத்துக் கற்றதால்தான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுதக் கை வரவில்லை. மாமியாருக்குப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை, சொல்லிவிட்டார். மாமனார் பெயரைச் சொன்னாலும் புருஷன் ஆயுசுக்கு ஆகாது என்பார்கள்; என் வீட்டுக்காரர் இன்னும் ஷிப்டுக்குப் போய்வருகிறார். பெயர் தெரிய வேண்டியவர்கள் மாரிகுப்பத்தில் இறங்கி யாரையாவது கேட்டுக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் மூங்கிலில் தொங்கும் தலைப்பாகையைத்தான் காட்டுவேன்.