பினாயில் வாசனை இல்லாத வீடு

ஒரு ஹோட்டல் சுத்தமா இல்லையா என்பதைச் சமையலறைக்குள் நுழையாமலே சொல்லிவிடுவேன். மேஜை துடைக்கிற துணியை வாங்கி முகர்ந்து பார்த்தால் போதும். எழுபதுகளின் நடுவில் நான் கார்ப்பரேஷனில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். தி.நகரும் தேனாம்பேட்டையில் பாதியும் என் பொறுப்பு. முன்வாசல் வழியாக நான் எங்கேயும் போனதில்லை. சைக்கிளை இரண்டு தெரு தள்ளிப் பூட்டிவிட்டு, பாத்திரம் தேய்க்கிற பின்கட்டு வழியாக நுழைவேன். குப்பென்று பினாயில் வாசனை அடித்தால், நான் வருகிற சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஹோட்டலுக்கு மறுநாளும் போவேன். என்னைக் கண்டால் ஆகாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அக்கா என்னைவிடப் பதினாறு வயது மூத்தவள். அம்மா போனபோது எனக்கு நாலு வயது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களையெல்லாம் அனுப்பிவிட்டு அக்கா டீச்சர் வேலைக்குப் போனாள். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். வகுப்பில் அவள் குரலை உயர்த்தியதே இல்லை என்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். நான் பண்ணிய அட்டூழியத்துக்கெல்லாம் ஒரு பார்வைதான் தண்டனை.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோதே முற்றிப்போயிருந்தது. ஆபரேஷன் பண்ணினார்கள், கரண்ட் என்று கதிர்வீச்சும் வைத்தார்கள். ஒரு நாள் பெரிய டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசைப்பட்டதைக் கொடுங்க" என்றார். அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, பத்தியம் ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

நாங்கள் இருந்தது ஐந்து குடித்தனம் இருந்த வீடு. எங்களுக்கு ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சின்னச் சமையலறை. பக்கத்துக் குடித்தனத்துக்கும் எங்களுக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. அங்கே ஒரு பெண் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் புரட்டுவது எங்களுக்குக் கேட்கும். அக்கா அந்த அறையில் சத்தம் காட்டாமல் படுத்திருந்தாள். பொறுமைசாலி, பொறுமைசாலி என்று வருகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே வீட்டுக் கவலை எலிதான். கொடியில் காய்கிற அக்காவின் துண்டு ஓரமெல்லாம் குதறிக் கிடந்தது. பொறி வாங்கித் தேங்காய்ச் சில்லு மாட்டி வைத்தேன். இரண்டு வாரமாகியும் ஒரு எலிகூட விழவில்லை. அக்கா அந்தப் பொறியைப் பார்ப்பாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரம்மாள் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். கெட்ட மனுஷி இல்லை. அக்காவுக்குத் தினமும் கஞ்சி வைத்துத் தந்தவள் அவள்தான். கையில் பஞ்சாங்கம் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதே. அவிட்டத்துலேர்ந்து ரேவதி வரைக்கும் அஞ்சு நட்சத்திரம் ஆகாது. அதுல ஏதாவது ஆயிடுத்துன்னா ஆறு மாசம் வீட்டையே அடைச்சு வெக்கணும். இத்தனை குடித்தனமும் எங்கே போகும், நீயே சொல்லு."

"எங்க ரூமை மட்டும் அடைச்சா போறாதா?"

"எல்லாம் ஒரே கூரைடா. மத்தவா ஒத்துக்க மாட்டா."

ஆக, இருபத்தேழு நட்சத்திரத்தில் இருபத்திரண்டில் என் அக்கா சாகலாம், ஐந்தில் கூடாது. எனக்கு வந்த கோபத்தில் வாளியைக் கயிறோடு கிணற்றுக்குள் விட்டெறிந்தேன். அப்புறம் பக்கத்து வீட்டில் பாதாளக் கரண்டி இரவல் வாங்கி வந்து, அரை மணி நேரம் துழாவி, நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்தான் ஓர் இடம் சொன்னாள். ராஜா அண்ணாமலைபுரத்தில், ஆற்றுப் பக்கம் போகிற ஒரு தெருவில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் தன் வீட்டிலேயே எட்டுக் கட்டில் போட்டிருந்தார். ஆஸ்பத்திரிகள் கைவிட்டவர்களை அங்கே வைத்துக் கடைசி வரை பார்த்துக்கொண்டார். வாரத்தில் மூன்று நாள் ஒரு டாக்டர் வந்துபோவார். அந்த மாதிரி இடத்துக்கு எங்களுக்குத் தெரிந்து ஒரு பெயர் கிடையாது. வழி கேட்டபோது தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர், "சாவு வீடா?" என்று கேட்டுக் கை காட்டினார்.

என் வழக்கப்படி சைக்கிளைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பின்பக்கமாக நுழைந்தேன். துணி துவைக்கிற கல்லருகே ஓர் ஆயா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா சார், பின்னாடி வயியா வர்றே? முன்னாடி கேட்டு தொறந்துதானே கீது."

"சும்மா, எடத்தைப் பாக்க வந்தேன்."

"பாரு. பாத்துக்கினு இரு, இத்த அலசிட்டு வர்றேன்."

இன்ஸ்பெக்டர் என்று சொன்னால் பதறுவாள் என்று நினைத்துச் சொன்னேன். "சரி" என்றாள், துணியைப் பிழிந்துகொண்டே.

சாக்கடை தேங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. குடிதண்ணீர் அண்டா மூடியிருந்தது. மூடியின் உள்பக்கத்தை விரலால் தடவினேன், வழுக்கவில்லை. கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்து முகர்ந்தேன். சோப்பும் வெயிலும்தான். பினாயில் வாசனை எங்கேயுமே இல்லை. குறை ஒன்றும் அகப்படாதது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எரிச்சலாக வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் குறை வேண்டியிருந்தது. ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும், அக்காவை அனுப்ப வேண்டியதில்லை. வீட்டுக்காரம்மாளிடம், "எங்க தேடியும் நல்ல எடம் கிடைக்கலை மாமி" என்று சொல்லிவிடலாம்.

அதனால் மறுபடி போனேன். காலை ஆறு மணிக்குப் போனேன். நல்ல வெயிலில், எல்லோரும் அசந்திருக்கிற மூன்று மணிக்குப் போனேன். மழை கொட்டிய ஒரு நாள், நந்தனத்தில் ஒரு மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு நனைந்துகொண்டே போனேன். எங்கே இருந்தாலும் வேறெங்கேயோ இருக்க வேண்டும் போலிருந்தது. ஹோட்டலில் நிற்கும்போது அக்கா ஞாபகம், அக்கா பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த வீட்டின் ஞாபகம். இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல அவள் கட்டிலருகே என்னால் உட்கார முடியவில்லை. பாண்டி பஜார் பக்கம் ஒரு ஹோட்டலில் துணியை முகராமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்த முதலாளி வாசல்வரை வந்து, "உடம்பு சரியில்லீங்களா?" என்று விசாரித்தார்.

அந்த மழை நாளில்தான் குறை கிடைத்தது. கேட்டருகே வரும்போதே உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது. ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெரியவர். வயது எழுபது இருக்கும். அந்த உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு அந்த ஆயா உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடுநடுவே ஒரு கையை எடுத்து அவர் பாதத்தின் மேல் வைப்பாள். அவரை ஒரு வார்த்தை அதட்டவில்லை.

"கொஞ்சம் மெதுவான்னு சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நோவு சார். கத்தாம இன்னா பண்ணுவாரு? ஊசி போட்டுக் கீது. அது வேல செய்யிற வரிக்கும் கத்திக்கினுதான் இருப்பாரு. அதான் நான் கீறேன் இல்ல."

நேரே நர்ஸம்மாவிடம் போனேன். அக்கம்பக்கத்தில் புகார் வராதா என்று கேட்டேன்.

"வந்துச்சு. வந்தவங்களை உள்ளே கூப்பிட்டுக் கட்டில் பக்கத்துல உட்கார வெச்சேன். அதுக்கப்புறம் வரலை" என்றார். எனக்கு ஒரு டம்ளர் காப்பியும் கொடுத்தார். குடித்துவிட்டு, வெளியே வந்து, சைக்கிள் சீட்டின் மேல் வைத்தே நோட்டில் எழுதினேன்: 'சத்தம். மிக மோசம். நோயாளிகள் வாய்விட்டு அலறுகிறார்கள். ஊழியர்கள் அடக்குவதில்லை.' எழுதி அடிக்கோடு போட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது ரொம்ப நாளைக்கப்புறம் விசிலடித்தேன்.

அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கிணற்றடியில் பேசுவது எங்கள் ஜன்னலுக்குக் கேட்கும். நான் உள்ளே நுழைந்து, "அந்த எடம் ஒத்துவராது அக்கா" என்றதும், "நோட்டைக் கொடு" என்று கையை நீட்டினாள்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரியே இருந்தது. அடிக்கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தாள்.

"எவ்வளவு சத்தம்?"

"கேட் வரைக்கும் கேக்கறது."

"யாரும் ஒண்ணும் சொல்றதில்லையா?"

"அதான் எழுதியிருக்கேனே. பக்கத்துல உக்காந்துண்டு அரிசி பொறுக்கறா."

அவள் நோட்டை மூடினாள். "என்னை அங்கே கொண்டு விட்டுடு."

"என்ன அக்கா பேசறே? அந்தச் சத்தத்துல ஒனக்குத் தூக்கமே வராது. இங்கே எவ்வளவு அமைதியா இருக்கே. இவ்வளவு தாங்கிக்கற பேஷண்டை நான் பாத்ததில்லைன்னு டாக்டரே…"

தலையணைக்கு அடியிலிருந்து அந்தத் துண்டை இழுத்து என் கையில் கொடுத்தாள். ஓரம் முழுக்க நூல் நூலாகப் பிரிந்திருந்தது. ஒரு மூலை இன்னும் ஈரமாக இருந்தது. அதில் லேசாக ரத்தக் கறை. வட்டமாக, வரிசையாகப் பல் பதிந்திருந்தது. நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன்.

"பரீட்சைக்குப் படிக்கற பொண்ணுடா. நீயும் காலம்பற வேலைக்குப் போகணும்" என்றாள், பலகைத் தடுப்பைப் பார்த்தபடி, ரகசியக் குரலில். "என்னால முடியலை."

ஊரில் இருக்கிற ஹோட்டல் துணியையெல்லாம் முகர்ந்து பார்த்தவன் நான். இந்தத் துண்டு தினமும் என் தலைக்கு மேலே கொடியில் தொங்கியது. நான் எலிப்பொறி வாங்கி வைத்திருந்தேன். எனக்கு என்மேல் வந்த வெறுப்பு இன்றைக்கும் முழுக்கப் போகவில்லை.

அங்கே அவள் பத்தொன்பது நாள் இருந்தாள். அவள் போன அன்றைய நட்சத்திரம் அந்த ஐந்தில் ஒன்றல்ல என்று வீட்டுக்காரம்மாள் பிறகு பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னாள். இங்கேயே இருந்திருக்கலாமே, பாவி நான் என்று அழுதாள். இல்லை மாமி, அக்கா கேட்டுத்தான் போனாள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கொண்டுபோய் விட்ட நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். டாக்ஸி குலுங்கிய ஒவ்வொரு தடவையும் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். டிரைவருக்காக அடக்குகிறாள் என்று இப்போது எனக்குத் தெரிந்திருந்தது. முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் முன்வாசல் வழியாகப் போனேன். ஆயா அக்காவைத் தோளில் தாங்கிக் கட்டிலில் படுக்க வைத்தாள்.

"சத்தம் போட்டா மத்தவாளுக்குத் தொந்தரவா இருக்குமா?" என்று அக்கா கேட்டாள். புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பெண் விதிகளைக் கேட்டுக்கொள்வது போலிருந்தது.

"நல்லா கத்து அக்கா. நான் இங்கதான் குந்திக்கினு கீறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ கொஞ்சம் வெளியில இரேன்" என்றாள்.

கேட்டுக்கு வந்து நின்றேன். நிற்க முடியாமல் தெருமுனைவரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். மூன்றாவது தடவை திரும்பும்போது உள்ளேயிருந்து ஓர் அலறல் வந்தது. ஜன்னலோரப் பெரியவராக இருக்காது, பெண் குரல், யாரோ பாவம் என்று நினைத்தேன். அது அக்கா என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. முப்பத்தோரு வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்தும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. உள்ளே ஓடி, "மெள்ள அக்கா, மெள்ள" என்று சொல்லத்தான் முதலில் காலெடுத்தேன். கேட்டைத் தொட்ட கையோடு நின்றுவிட்டேன். ஊசி வேலை செய்கிறவரைக்கும் அங்கேயே, நகராமல் நின்று, முழுக்கக் கேட்டேன்.