ஆரோக்கியமேரியின் பதினோரு வினாடி

"இந்தப் போலீஸ்காரி தொண்டையும் முந்தாநேத்து வந்த கேரளா டீச்சரு தொண்டையும் ஒண்ணுதான். ஒரே பொண்ணு ஊருக்கெல்லாம் டப்பிங் பேசிக்கினு கீது" என்றாள் ஆரோக்கியமேரி. விரல்கள் இறாலின் தலையைக் கிள்ளி ஓட்டை உரித்தன. பெரியது வலப்பக்கப் பாத்திரத்துக்கும் சிறியது இடப்பக்கத்துக்கும் போயின. டிவிக்கு அவள் முகத்தைக் காட்டியதே இல்லை. காதைத்தான் காட்டுவாள்.

பழவேற்காட்டில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயது. காலையில் சந்தையில் மீன் விற்பாள், மதியத்துக்கு மேல் வியாபாரி அனுப்பும் இறாலை வீட்டில் உரிப்பாள். உரித்து முடிக்கும்வரை ஏதாவது ஒரு தொடர் ஓடும். மறுநாள் மீன் வாங்க வருகிறவர்களுக்கு அதன் விமர்சனமும் சேர்த்துக் கிடைக்கும்.

அவள் தீர்ப்புகள் கடுமையானவை. மலையாளப் படத்தில் மனுஷர்கள் வீட்டில் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள், ஆனால் மழையை எவனாவது நிறுத்த வேண்டும். தெலுங்குப் படத்தைத் தெலுங்கிலேயே போட வேண்டும். தடா, சூளூர்பேட்டை வியாபாரிகளோடு நாற்பது வருடமாகச் சண்டை போட்டவளுக்கு டப்பிங் எதற்கு? ஏரிக் காட்சி என்று சொல்லிக் கடல் அலைச் சத்தத்தைப் போட்ட ஒரு தொடரை இரண்டாவது நிமிடமே நிறுத்தச் சொன்னாள். "ஏரி எங்கடா இப்டி கத்துது? மீனவன்னா குடிக்கணும், கத்தி எடுக்கணும். வலையில சிக்கு எடுக்கிறவன் ஒருத்தனையாவது காட்றானா பாரு."

ஒருநாள் எட்டுப் பாகம் ஓடிய கொலைத் தொடர் ஒன்று முடிந்தது. கடைசிக் காட்சியில் வசனமே இல்லை. கொலைகாரன் கண்ணாடி முன் நின்று சட்டையில் இருக்கும் ரத்தத்தைக் கழுவுகிறான், அவ்வளவுதான்.

"யாருன்னே சொல்லாம முடிச்சிட்டான் பாரு. எட்டு நாளு என் காலத்த வேஸ்ட் பண்ணிட்டான்" என்றாள் மேரி.

மகள் ஜாக்குலின் விழுந்து விழுந்து சிரித்தாள். "ம்மா, அதான் அண்ணங்காரன் மூஞ்சியக் காட்னானே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடம் நர்ஸாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பழக்கம். கைபேசி வெளிச்சத்தை அவள் கண்ணில் அடித்தேன். இரண்டு கண்மணியும் வெளுத்திருந்தன. இறாலின் அளவு விரலுக்குத் தெரியும், மீனின் வயது மூக்குக்குத் தெரியும், ஆளைக் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் வீட்டில்கூட யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

"கண்புரை. இருபது நிமிட ஆபரேஷன். பொன்னேரியில் முகாம் போடுகிறார்கள், வா" என்றேன்.

"கம்முனு இரு நர்சக்கா. எத்தினி படத்துல பாத்துக்கீறேன்? செவப்பு லைட்டு எரியும், பொண்டாட்டி பெஞ்சில உக்காந்து அழுவா, டாக்டரு வெளிய வந்து கண்ணாடியக் கழட்டுவாரு. கழட்டுனாருன்னா ஆளு காலி."

"நான் பார்த்த டாக்டர்கள் கண்ணாடியைத் துடைக்கத்தான் கழற்றினார்கள்" என்றேன். அவள் அடுத்த இறாலை எடுத்தாள். மூன்று முகாம்கள் வந்து போயின. இதற்குமேல் தள்ளினால் கண் நரம்பு கெட்டுவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். மயக்க ஊசி போட்டு எழுந்திருக்காத கதாநாயகிகளின் பட்டியலைப் பதிலாகச் சொன்னாள்.

நான் ஜெயிக்கவில்லை. ஒரு தொடர்தான் ஜெயித்தது.

போன வருடம் எங்கள் சந்தையில் இரண்டு நாள் படப்பிடிப்பு நடந்தது. மேரியைக் கூடையோடு உட்காரவைத்தார்கள். கதாநாயகி வந்து மீன் வாங்கிப் போவாள், பேச வேண்டியதில்லை. கூடையில் படப்பிடிப்புக்காரர்கள் கொட்டியிருந்த மீனின் வாடை மூக்கில் ஏறியதும் மேரி ஒப்பந்தத்தை மறந்துவிட்டாள். "அய்ய! செத்து மூணு நாளான மீன யார் தலையில கட்டப் பாக்குறீங்க? நீ போம்மா, இத்த வாங்காத!" என்று கதாநாயகியை விரட்டினாள். இயக்குநர் அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

இந்தப் பொங்கலுக்குத் தொடர் வெளிவந்தது. அதில் மேரி வருவது பதினோரு வினாடி. ஊரே பாராட்டியது. ஏலம் விடும் சரவணன் அவளைக் கண்டாலே, "போம்மா, இத்த வாங்காத!" என்று கையை ஆட்டுவான்.

மேரிக்குத் தூக்கம் போயிற்று. எல்லோருடைய நடிப்பையும் கிழித்தவளுக்குத் தன் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. குரல் சரியாக இருந்தது, அது அவளுக்கே கேட்டது. முகம்?

"சூப்பரா கீதும்மா" என்றாள் ஜாக்குலின்.

"சூப்பர்னா இன்னாடி? மூஞ்சில கோவம் தெரியுதா? கேமராவப் பாத்துட்டேனா? கை எங்க வெச்சிக்கீறேன்?"

"அதெல்லாம் யாரும்மா பாத்தாங்க?"

என்னிடம் வந்தாள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கலாம். "உன் நடிப்பு. நீயே பார்த்துச் சொல்" என்றேன். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். "அந்த முகாமு எப்போ?"

வலது கண்ணை முதலில் செய்தார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், அழவில்லை. வெளியே வந்ததும், "செவப்பு லைட்டே இல்ல நர்சக்கா. சினிமாக்காரன் நல்லா ஏமாத்திக்கீறான்" என்றாள்.

கட்டுப் பிரித்த மறுநாள் மதியம் போனேன். கறுப்புக் கண்ணாடியோடு டிவிக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். பதினோரு வினாடியை நான்கு முறை போடச் சொன்னாள்.

"கோவம் கீது. கேமராவப் பாக்கல. ஆனா அந்தப் பொண்ணு என்னைவிட நல்லா பண்ணிக்கீது, பயந்துட்டா பாரு" என்றாள் கடைசியில். பிறகு மகளிடம் கேட்டாள். "ஏண்டி ஜாக்கி, எம்மூஞ்சி இன்னா இம்மாம் மங்கலா கீது?"

ஜாக்குலின் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் சொட்டு மருந்தை எடுக்கப் போனேன். அதற்குள் மேரி எழுந்து டிவி அருகே போய், திரையில் தன் கன்னத்தின் மேல் விரலை வைத்து இழுத்தாள். விரலில் தூசி கறுப்பாக ஒட்டி வந்தது. அதை மகளின் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு, முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து, ஒரு மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள்.