எங்கள் ஊர் ‘த்ரூ’

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ‘த்ரூ’ என்ற சொல்லை மன்னாரில் பிறந்த எவனும் படிக்காமலே பேசுவான். ஊசியின் காதுக்குள் நூல் போவதும், யன்னலுக்குள்ளால் காற்று வருவதும் அந்தச் சொல்தான் என்பாள் ஆசிரியையாக இருக்கும் என் மகள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருவதாம். எங்கள் ஊரில் நூலும் காற்றும்தான் அப்படித் தாமாகப் போகும். மற்ற எதற்கும் ஆள் வேண்டும். அரசாங்கக் கந்தோரில் ஒரு கையெழுத்துக்கு ஆள் த்ரூ. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஆள் த்ரூ. கோயில் திருநாளில் சுரூபம் தூக்கத் தோள் கொடுக்கவும் பங்குச் சுவாமியாரிடம் ஆள் த்ரூ. மோட்சத்தின் கதவு திறந்து கிடந்தாலும் எங்கள் சனம் ஒரு புனிதரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகும்.

நான் அந்த ரகம் இல்லை. இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது உடுத்த சாரமும் மாற்றுச் சாரமும்தான் என் சொத்து. தலையில் ஐஸ் பெட்டி சுமந்தேன். இன்று என் லொறி நின்றால் பேசாலை மீன் கொழும்பைக் காணாது. இதற்காக எவனுடைய முதுகுக்குப் பின்னாலும் நான் நின்றதில்லை. கந்தோர்க் கதவு பூட்டியிருந்தால் தட்டுவேன். திறக்காவிட்டால் கத்துவேன். திறந்துவிடுவார்கள்.

என் மனைவியின் அண்ணன் இதற்கு நேர் எதிர். கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர்தான் த்ரூ. கைநீட்டி எதுவும் வாங்கமாட்டார். கதிரையைத் துடைத்துப் போட்டு, “ஐயா இல்லாட்டி நாங்கள் என்ன செய்வம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உச்சி குளிர்ந்துவிடும். நான் அவரைக் ‘குழாய்’ என்றுதான் சொல்லுவேன், அவர் காதில் விழும்படியே.

போன வருடம் மகள், கூடப் படிப்பிக்கும் ஒரு பெடியனைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். வீடு இலுப்பைக்கடவையில். எங்கள் வேதக்காரன்தான், கத்தோலிக்கன்.

“மாமாவை விட்டுக் கேளுங்கோ அப்பா. அவையள் முறை பாக்கிற ஆக்கள்.”

“என்ர பிள்ளைக்கு மாப்பிள்ளை கேக்க எனக்கு வாய் இல்லையோ?”

ஞாயிறு பூசை முடிந்த கையோடு லொறியை எடுத்தேன். நல்ல நண்டாகப் பார்த்து ஒரு பெட்டியும் ஏற்றிக்கொண்டேன். பெடியனின் தகப்பன் முற்றத்தில் நின்றார்.

“உங்கட மகனை என்ர மகளுக்குக் கேட்டு வந்தனான். ஓமோ, இல்லையோ?”

மனிதர் பாம்பைக் கண்டவர் மாதிரி நின்றார். “இருங்கோ,” என்றார். மழையைப் பற்றிப் பேசினார். கட்டுக்கரைக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பேசினார். நான் மறுபடியும் கேட்டேன். “பாப்பம்,” என்றார். நண்டுப் பெட்டியைத் தொடவே இல்லை. அது என்னோடேயே திரும்பி வந்தது.

எனக்குப் பின்னாலேயே கதையும் வந்தது. தகப்பனே தூக்கிக்கொண்டு வந்து நிக்கிறாரெண்டால் பெட்டையில ஏதோ குறை இருக்கு என்று அந்தப் பக்கம் பேச்சாம். மகள் என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். “அப்பா கேட்டது கலியாணமில்லை அம்மா, ஐஸ் விலை,” என்று தாயிடம் சொன்னாள். எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னாள்.

என் மனைவி போய் அண்ணனைக் கூட்டிவந்தாள். வந்தவர் என் கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

“மச்சான், நேர கேட்டா அந்தாள் என்ன சொல்லிறது? ஓம் எண்டா காத்துக்கிடந்தவர் மாதிரி. இல்லை எண்டா உம்மட முகத்தில துப்பின மாதிரி. அதுக்குத்தான் நடுவில ஒரு ஆள்.”

“துப்பினா நீர் துடைப்பீரோ?”

“ஓம். அதுதானே என்ர வேலை.”

இலுப்பைக்கடவைக்கு லொறியை நான்தான் ஓட்டினேன். முறைப்படி நான் உள்ளே போகக்கூடாதாம். வாசல் படலைக்கு வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் மச்சானும் பெடியனின் தகப்பனும் முற்றத்துக்கு வந்தார்கள். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பிறகு இருவரும் மச்சானைப் பார்த்தோம்.

“வெயிலுக்கை நிக்கிறார். தேத்தண்ணி குடிப்பாரோ எண்டு கேளுங்கோ.”

மச்சான் என் பக்கம் திரும்பினார். “தேத்தண்ணி குடிப்பீரோவாம்.”

“சீனி போடாமல் எண்டு சொல்லும்.”

“சீனி வேண்டாமாம்.”

“அவருக்கும் சீனி வருத்தமோ எண்டு கேளுங்கோ.”

கல்லெறி தூரம்கூட இல்லை. எங்கள் மூவரில் ஒருவருக்கும் காது செவிடில்லை. ஆனாலும் என் சீனி, அவர் சீனி, குளிசை, பத்தியம் எல்லாம் மச்சானுக்குள்ளால் நுழைந்துதான் அந்தப் பக்கம் போயின. நடுவில் ஒருதரம் பொறுமை கெட்டு வாயைத் திறந்தேன். மச்சான் ஒரு பார்வை பார்த்தார். வீட்டில் வாய் பேசாமல் சோறு போடுகிற மகளை நினைத்து மூடிக்கொண்டேன்.

கடைசியில் தகப்பன் தொண்டையைச் செருமினார்.

“ஆவணியில கலியாண எழுத்தை வைப்பமோ எண்டு கேளுங்கோ.”

“ஓம் எண்டு சொல்லும்!” என்றேன். அது இலுப்பைக்கடவை முழுக்கக் கேட்டிருக்கும். மச்சான் அதையும் நிதானமாக, “ஓமாம்,” என்று எடுத்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடிப்போய் மாமாவைக் கட்டிப்பிடித்தாள். லொறி ஓட்டினவனை அதற்குப் பிறகுதான் கண்டாள்.

“அப்பா, நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லைத்தானே?”

“இல்லை.”

“சத்தியமா?”

“மாமாவைக் கேள்,” என்றேன்.